வேகமான கணினி செஸ் எஞ்சினை வெல்லவே முடியாததாக்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியின் வேகம் கூடக்கூட செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், வலுக்கும் என்பது பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. அதில் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. செஸ் ஆடுபவர்களும் நிரல் எழுதுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இன்றைய எஞ்சினை மனித வல்லுநர் எவராவது வெல்ல முடியுமா?

இரு தரப்புக்கும் சமமான காய்கள், வழக்கமான நேரக் கட்டுப்பாடு, கோளாறின்றி ஓடும் கணினி என்று வைத்துக்கொண்டால், நடைமுறையில் முடியாது. மனிதர்களில் மிக உயர்ந்த தரப்புள்ளி மேக்னஸ் கார்ல்சன் 2014-ல் எட்டிய 2882. எஞ்சின்கள் தமக்குள் ஆடிப் பெறும் பட்டியல்களில் முன்னணி எஞ்சின்கள் 3600-ஐத் தாண்டி நிற்கின்றன. இரண்டும் வெவ்வேறு களங்களில் கணக்கிடப்பட்ட எண்கள் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழித்துவிடக் கூடாது. ஆயினும், இடைவெளி 700 புள்ளிகள் என்று கொண்டால், தரப்புள்ளிகளைக் கணக்கிடும் எலோ சூத்திரத்தின்படி பலவீனமானவர் 100 ஆட்டங்களில் எதிர்பார்க்கக்கூடியது மொத்தம் 2 புள்ளிக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் டிராக்களின் அரைப்புள்ளிகளாகத்தான் வரும்.

இந்த நிலை கணினியின் வேகத்தால் மட்டும் வந்ததுதானே? உலகச் சாம்பியனை வென்ற டீப் ப்ளூ கணினி அதற்குச் சான்று அல்லவா?

பாதி சான்று. 1968-ல் டேவிட் லெவி என்ற சர்வதேச மாஸ்டர், அடுத்த 10 ஆண்டுகளில் எந்தக் கணினியும் தன்னை வெல்லாது என்று பந்தயம் கட்டினார். 1978-ல் செஸ் 4.7 என்ற நிரலைத் தோற்கடித்துப் பந்தயத்தை வென்றார். அதன்பின் கணினி ஏறிய படிகளில் வேகத்தின் பங்கு மிகப் பெரியது. கென் தாம்ப்சனும் ஜோ காண்டனும் உருவாக்கிய பெல் என்ற இயந்திரம், செஸ்ஸுக்கென்றே வடிவமைத்த மின்சுற்றுகளால் வினாடிக்குச் சுமார் 1,60,000 நிலைகளைப் பரிசோதித்து, 1983-ல் அமெரிக்காவில் மாஸ்டர் தகுதி பெற்றது. பெல்லை வைத்து நடத்திய சோதனைகளில், ஒரு அரை நகர்வு (ஒரு தரப்பு ஒருமுறை ஆடுவது) கூடுதல் ஆழமாகப் பார்த்தாலே ஏறத்தாழ 200 தரப்புள்ளிகள் கூடுவது தெரிந்தது. வேகம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை வேரூன்றியதில் அந்தச் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐபிஎம் உருவாக்கிய டீப் ப்ளூ 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் அப்போதைய உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவிடம் 4–2 என்று தோற்றது. 1997 மே மாதம் நியூயார்க்கில் 3½–2½ என்று வென்றது. இடையில் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகி வினாடிக்கு 20 கோடி நிலைகள் என்று ஆனது உண்மை. ஆனால் அதே காலத்தில் அதன் சில்லுகளும் மறுபடி வடிவமைக்கப்பட்டு, நிலையை மதிப்பிடும் கூறுகள் சுமார் 8,000 வரை விரிவாக்கப்பட்டன. கிராண்ட்மாஸ்டர்கள் பலர் தொடக்க ஆட்டத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். கடைசி ஆட்டத்தை நெருங்கிப் பாருங்கள். காரோ–கான் தற்காப்பு என்ற தொடக்க முறையில் காஸ்பரோவ் தன் 7-வது நகர்வாக எச் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்தார். டீப் ப்ளூ உடனே தன் குதிரையை இ6 கட்டத்தில் பலி கொடுத்தது. 19-வது நகர்வில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தக் குதிரைப் பலி வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் புரட்டிக் கண்டெடுத்த நகர்வு அன்று. மனிதர்கள் தொடக்க ஆட்டத் தொகுப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த நகர்வு. வேகத்தின் வெற்றி என்று உலகம் கொண்டாடிய ஆட்டத்தின் திருப்புமுனையே வேகத்தால் வந்ததல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கணினியின் வேகம் இரட்டிப்பானால் எஞ்சின் எவ்வளவு ஆழமாகப் பார்க்கும்?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான் என்பதால், கணக்கைப் படிப்படியாகவே போட்டுவிடலாம்.

நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் ஆடக்கூடிய நகர்வுகள் சராசரியாகச் சுமார் 35. வெள்ளையின் ஒவ்வொரு நகர்வுக்கும் கறுப்பின் 35 பதில்கள் என்று எண்ணினால், இரண்டு அரை நகர்வுகளுக்கு 1,225 நிலைகள். நான்குக்கு 15 லட்சம். ஆறுக்கு ஏறத்தாழ 184 கோடி. அதாவது, எதையும் விடாமல் எல்லாவற்றையும் பார்க்கும் எஞ்சினுக்கு 1,000 மடங்கு வேகமான கணினியைக் கொடுத்தாலும், வெள்ளை ஒன்று கறுப்பு ஒன்று என்ற ஒரே ஒரு முழு நகர்வைக்கூட அது கூடுதலாக முழுமையாகப் பார்த்து முடிக்காது. ஆயிரம் மடங்கு உழைப்புக்கு ஒரு நகர்வு! இந்தப் பெருக்கத்தை முதலில் பார்க்கும் எவருக்கும் மலைப்பு ஏற்படும்.

இதைத் தணித்தது ஆல்ஃபா–பீட்டா என்ற வெட்டு முறை. ஒரு நகர்வைப் பரிசீலிக்கும்போது எதிராளியின் ஒரு பதிலால் நம் ராணி போய்விடும் என்று தெரிந்துவிட்டால், மீதி 34 பதில்களைப் பார்த்து ஆகப்போவது எதுவும் இல்லை. அந்த நகர்வே வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இதில் ஊகம் எதுவும் இல்லை. முழுவதையும் பார்த்தால் கிடைக்கும் அதே விடைதான் கிடைக்கும். நல்ல நகர்வுகள் முதலில் பரிசீலனைக்கு வருமாறு வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு அரை நகர்வுக்கும் 35-ஆல் பெருகுவது சுமார் 6-ஆல் பெருகுவதாகக் குறைகிறது. இப்போது அதே 1,000 மடங்கு வேகம் நான்குக்குச் சற்றே குறைவான அரை நகர்வுகளைத் தரும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது அரை நகர்வில் பாதிகூட இல்லை.

இன்றைய எஞ்சின்கள் இன்னும் துணிச்சலாக வெட்டுகின்றன. பயனற்றதாகத் தோன்றும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்திலேயே பார்த்து முடிப்பது, நாம் ஆட வேண்டிய ஒரு நகர்வை விட்டுக்கொடுத்தாலும் நிலை நன்றாகவே இருக்கிறதென்றால் அந்தக் கிளையை அத்துடன் நிறுத்திவிடுவது போன்ற உத்திகளால், பெருக்கம் 2-ஐ நெருங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ ஓர் அரை நகர்வு ஆழம் கூடும். ஆகவே வேகத்துக்குப் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பயனை இந்த அளவுக்குப் பெருக்கிக் கொடுத்தது நல்ல வெட்டு முறை என்பதே என் வாதம். அதோடு, 5-வது அரை நகர்விலிருந்து 6-வதுக்குப் போகும்போது கூடிய பலம், 30-லிருந்து 31-க்குப் போகும்போது கூடுவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தவறுகள் எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டன.

வேகம் குறைந்த கணினி, வேகமான கணினிக்கு இணையாக ஆடியது உண்டா?

உண்டு. 2009-ல் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த கோப்பா மெர்கோசூர் போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற நிரல் ஒரு கைபேசியில் ஓடி, 10 ஆட்டங்களில் 9 வெற்றியும் ஒரு டிராவும் பெற்றது. போட்டியின் அளவில் அதன் ஆட்டத்தரம் 2898 என்று கணக்கிடப்பட்டது. அந்தக் கைபேசி பரிசோதித்தது வினாடிக்கு 20,000 நிலைகளுக்கும் குறைவு. டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சட்டைப்பையில் அடங்கும் கருவி, இரண்டு பெரிய அலமாரிகளை நிறைத்த இயந்திரத்தின் தரத்தில் ஆடியதற்குக் காரணம், இடைப்பட்ட 12 ஆண்டுகளில் நிரல் எழுதுபவர்கள் கற்றுக்கொண்டவையே.

2017 டிசம்பரில் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபாஜீரோ என்ற நிரலின் முடிவுகள் இன்னொரு சான்று. அது ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற முன்னணி எஞ்சினுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28-ஐ வென்றது, 72 டிரா, ஒன்றிலும் தோற்கவில்லை. ஆல்ஃபாஜீரோ பார்த்தது வினாடிக்கு 80,000 நிலைகள். ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. அந்த ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குத் தரப்பட்ட நேர ஏற்பாடும் நினைவக அளவும் சரியில்லை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அது நியாயமான விமர்சனம் என்றே நானும் கருதுகிறேன். அதைவிட முக்கியமான ஒரு திருத்தமும் உண்டு. ஆல்ஃபாஜீரோ குறைவான நிலைகளைப் பார்த்தது என்பதால் குறைவாகக் கணக்கிட்டது என்று பொருளல்ல. ஒவ்வொரு நிலையையும் ஒரு பெரிய நரம்பு வலையமைப்பின் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானாகக் கற்கும் கணக்கீட்டு அமைப்பின்) வழியாகச் செலுத்த ஏராளமான பெருக்கல்கள் தேவை; அதற்கென்றே சிறப்புச் சில்லுகள் அதற்குத் தரப்பட்டிருந்தன. வேகம் அங்கேயும் செலவானது. ஆனால் அதிக நிலைகளைப் பார்ப்பதற்காக அன்று, ஒரே நிலையை நன்றாகப் பார்ப்பதற்காக.

மதிப்பீடு என்று சொல்வது எதை? அது ஏன் வேகத்தைவிட முக்கியம்?

எஞ்சின் எவ்வளவு ஆழம் போனாலும் எங்கோ ஓரிடத்தில் நின்று, இந்த நிலை யாருக்குச் சாதகம், எவ்வளவு சாதகம் என்று ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணைத் தருவதுதான் மதிப்பீடு. அது தவறாக இருந்தால், வேகம் அந்தத் தவறையே இன்னும் பல கோடி முறை திருப்பிச் சொல்லும்.

ஒரு பலகையை எடுத்து இதை நீங்களே அடுக்கிப் பார்க்கலாம். கறுப்பு ராஜாவை ஏ8 மூலையில் வையுங்கள். கறுப்புக்கு வேறு காய் வேண்டாம். வெள்ளைக்கு ஒரு ராஜா, ஏ வரிசையில் ஒரு சிப்பாய், கறுப்புக் கட்டங்களில் நடக்கும் ஒரு பிஷப். காய்களை மட்டும் எண்ணினால் பிஷப்புக்கு 3, சிப்பாய்க்கு 1 என்று வெள்ளை 4 புள்ளி முன்னிலையில் இருக்கிறது. ஆனால் ஆட்டம் டிரா. ஏ8 வெள்ளைக் கட்டம். அந்தப் பிஷப்பால் அதைத் தொடவே முடியாது. மூலையில் ஒடுங்கிய ராஜாவை அங்கிருந்து விரட்ட வழியில்லை. நெருக்கினால் கறுப்புக்கு நகர இடமில்லாமல் ஸ்டேல்மேட் என்ற டிரா ஆகிவிடும். காய்களை மட்டும் எண்ணத் தெரிந்த நிரலை 10 அரை நகர்வு ஆழத்தில் ஓட்டினாலும் 4 என்று சொல்லும், 20-ல் ஓட்டினாலும் 4 என்றே சொல்லும். செஸ் கற்கத் தொடங்கிய ஒரு சிறுமிக்கு ஒருமுறை காட்டினால் அவள் வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டாள். இந்த ஒரு வரி அறிவு எந்த வேகத்துக்கும் ஈடானது.

முன்பு இத்தகைய அறிவை மனிதர்கள் ஒவ்வொன்றாக நிரலில் எழுதினார்கள். இன்று நரம்பு வலையமைப்புகள் கோடிக்கணக்கான நிலைகளிலிருந்து அதைத் தாமாகக் கற்கின்றன. யூ நாசு என்பவர் 2018-ல் ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக வடிவமைத்த என்என்யூஇ என்ற சிறிய வலையமைப்பை, 2020 செப்டம்பரில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 12 ஏற்றுக்கொண்டது. அதனால் வினாடிக்குப் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. ஆட்டத்தின் பலமோ ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. வேகத்தை விட்டுக்கொடுத்துப் பலத்தை வாங்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் மனித வல்லுநர் எதில் தோற்கிறார்?

பெரும்பாலும் தளராமையில். 2006-ல் பான் நகரில் அப்போதைய உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் நிரலுடன் 6 ஆட்டங்கள் ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் நன்றாகவே ஆடிவந்தவர், 34-வது நகர்வில் ராணிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று தன் ராணியை இ3 கட்டத்துக்குக் கொண்டுபோனார். எஃப்8-ல் நின்ற வெள்ளைக் குதிரை எச்7 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. வெள்ளை ராணி எச்7-ல் இறங்கியது. ஒரே நகர்வில் செக்மேட். ஆரம்பநிலை ஆட்டக்காரரும் கண்டுவிடக்கூடிய அச்சுறுத்தலை உலகச் சாம்பியன் காணவில்லை. எஃப்8-ல் குதிரை நின்று இப்படி மேட் வைப்பது ஆட்டங்களில் அரிதாகவே வரும் அமைப்பு என்பதால், பழகிய கண்ணுக்கு அது அகப்படாமல் போயிருக்கலாம். போட்டியை அவர் 4–2 என்று இழந்தார்.

ஒரு நகர்வு மேட்டைக் காண வினாடிக்குக் கோடி நிலைகள் தேவையில்லை. எத்தனை மணி நேரம் ஆடினாலும் ஒருமுறைகூட அசராமல் இருப்பது தேவை. அந்த இடத்தில் எந்த வேகத்தில் ஓடும் கணினியும் மனிதரை மிஞ்சும்.

எஞ்சின்களுக்குப் பலவீனமே கிடையாதா?

உண்டு; குறைந்துகொண்டு வருகிறது. ஒரு காலத்தில் எல்லைக்கோட்டு விளைவு என்பது பெரிய குறையாக இருந்தது. தவிர்க்க முடியாத இழப்பைத் தன் பார்வைக்கு அப்பால் தள்ளிவைப்பதற்காக எஞ்சின் தேவையற்ற சிப்பாய்களைப் பலி கொடுத்துக்கொண்டே போகும். காய் வெட்டுகள் ஓயும்வரை தேடலைத் தொடரும் முறையால் அது பெருமளவு அடங்கியது.

சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி நின்று பலகை முழுவதும் பூட்டிக்கொள்ளும் நிலைகள் இன்றும் சில சமயம் எஞ்சினைத் தடுமாற வைக்கின்றன. எதிராளி உள்ளே நுழையவே முடியாத கோட்டை அமைந்துவிட்டது என்று மனிதர் ஒரு பார்வையில் சொல்லுமிடத்தில், எஞ்சின் பெரிய சாதகம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா 2008-ல் ஒரு விரைவு ஆட்டத்தில் நிலையை இப்படிப் பூட்டிவைத்து, அன்றைய முன்னணி எஞ்சினான ரிப்காவைப் பொறுமையிழக்கச் செய்வதுபோல் இழுத்தடித்து வென்றது புகழ்பெற்ற ஆட்டம். அந்த வழி இன்று ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. அடைத்தது மேம்பட்ட மதிப்பீடு. கூடுதல் வேகத்துக்கு அதில் சிறு பங்குதான்.

செஸ்ஸை முழுவதுமாகத் தீர்த்துவிட்டால் எஞ்சின் உண்மையிலேயே வெல்ல முடியாததாகிவிடும் அல்லவா?

ஆகும். ஆனால் அங்கே வேகம் உதவாது. செஸ்ஸில் வரக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 44 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. வினாடிக்கு நூறு கோடியின் நூறு கோடி மடங்கு நிலைகளைப் பார்க்கும் கற்பனைக் கணினி ஒன்றைக் கட்டினாலும், அத்தனையையும் ஒருமுறை தொட்டு முடிக்கவே பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப் போல 20 கோடி மடங்குக்கும் அதிகமான காலம் ஆகும். அந்த வேகத்தை இன்னும் கோடி மடங்கு கூட்டினாலும் விடை வருவதில்லை.

செக்கர்ஸ் ஆட்டம் தீர்க்கப்பட்டுவிட்டது. ஜோனதன் ஷேஃபரின் குழு 1989-ல் தொடங்கி 2007-ல் அதை முடித்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் டிரா என்று அறிவித்தது. அதிலுள்ள நிலைகள் 5-க்குப் பின் 20 சுழியங்கள். செஸ்ஸோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண். செஸ்ஸில் இதுவரை முழுமையாக எட்டியது ராஜாக்கள் உட்பட 7 காய்கள் மட்டும் எஞ்சிய நிலைகள். அவை ஏறத்தாழ 424 லட்சம் கோடி. சிசிஜி (Syzygy) என்ற சுருக்கிய வடிவில் சேமிக்கவே 18 டெராபைட் தேவைப்படுகிறது. அந்த 7 காய் நிலைகளில் ஒன்றில் வெற்றிக்கு 549 நகர்வுகள் வேண்டும் என்று மாஸ்கோவில் கணக்கிட்டுக் கண்டார்கள். அதன் நகர்வுகளைப் பார்த்தால் இது ஏன், அது ஏன் என்று எந்தக் கிராண்ட்மாஸ்டராலும் விளக்க முடியாது. ஆட்டம் தொடங்கும்போது பலகையில் இருப்பதோ 32 காய்கள்.

வெல்ல முடியாத எஞ்சின் எல்லா ஆட்டங்களிலும் வெல்லும் என்று கொள்ளலாமா?

கூடாது. தோற்காதது வேறு, எப்போதும் வெல்வது வேறு. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் செஸ் டிராவில் முடியும் என்பதே வல்லுநர்களின் பொதுவான எண்ணம், அது நிரூபிக்கப்படவில்லை. உயர்தர எஞ்சின்கள் தமக்குள் ஆடும்போது இயல்பான தொடக்கம் தந்தால் பெரும்பாலும் டிராதான் வருகிறது. ஆகவே போட்டி நடத்துபவர்கள் ஒரு பக்கம் சாய்ந்த தொடக்க நிலைகளை வேண்டுமென்றே தேர்ந்து கொடுக்கிறார்கள். எஞ்சின் உதவி அனுமதிக்கப்படும் அஞ்சல்வழி செஸ்ஸின் உயர்மட்டத்திலும் டிராக்களே மலிந்துவிட்டன. டிராவை மட்டும் குறிவைத்து நன்கறிந்த வழியில் ஆடும் ஒரு கிராண்ட்மாஸ்டர், எஞ்சினிடமிருந்து எப்போதாவது அரைப்புள்ளி பெறுவது நடக்கக்கூடியதே. அதை எந்த வேகமும் முழுமையாகத் தடுக்காது. ஏனெனில் எதிராளி பிழை செய்யாதவரை வெற்றி என்பது பலகையில் இல்லவே இல்லை.

எஞ்சின் காய் விட்டுக்கொடுத்து ஆடினால்?

அப்போது ஆட்டம் சுவையாகிறது. 2016 ஜனவரியில் கொமோடோ என்ற எஞ்சின், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதாவது ஒரு சலுகையை விட்டுக்கொடுத்து நகமுராவுடன் 4 ஆட்டங்கள் ஆடி, 2½–1½ என்று வென்றது. மனிதரின் பலத்தை இன்று நேர்மையாக அளக்க இதுவே சரியான வழி என்று எண்ணுகிறேன்.

இனி வேகமான கணினிகளால் என்ன பயன்?

மனிதரை வெல்வதற்கு அவை தேவையில்லை. கையிலுள்ள கைபேசியே போதும். வேகம் இப்போது செலவாவது ஆட்ட மேசைக்கு வெகுமுன்னதாக, பயிற்சிக் கட்டத்தில். ஆல்ஃபாஜீரோ 9 மணி நேரத்தில் தன்னோடு தானே 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள் ஆடிக் கற்றது. அந்த ஆட்டங்களை உருவாக்க 5,000 சிறப்புச் சில்லுகள் பயன்பட்டன. ஸ்டாக்ஃபிஷ்ஷின் நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்வதென்றாலும், தன்னார்வலர்கள் இரவலாகத் தரும் கணினிகளில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடிப்பார்த்து, பலம் கூடியது என்று புள்ளிவிவரப்படி உறுதியான பின்னரே அதைச் சேர்க்கிறார்கள். அத்தனை வேகமும் உழைப்பும் சேர்ந்து உருவாக்கும் மதிப்பீடு, கடைசியில் சில பத்து மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பாக உங்கள் கைபேசிக்கு இறங்கி வருகிறது.